ஒரு கோயில் இடிந்த நாள், ஒரே ஒரு சாட்சி: ஆனந்தரங்கப் பிள்ளையை நாவலாக்குவது பற்றி

உண்மையில் வாழ்ந்த ஒருவரை வைத்துச் சரித்திர நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், "ஆதாரம் கிடைக்கிறதா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. கிடைக்காவிட்டால் கஷ்டம்தான். ஆனால் அது எழுத்தாளருக்குப் பழகிய கஷ்டம். கல்வெட்டில் ஒரு வரி, செப்பேட்டில் ஒரு பெயர் இருந்தால் போதும், மீதியைக் கற்பனை பார்த்துக்கொள்ளும். ஆதாரம் கொட்டிக் கிடந்து, அதையும் அந்த மனிதரே உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? இந்த ஆய்வு அந்தச் சங்கடத்தைப் பற்றியது. எடுத்துக்கொண்ட மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷி, அதாவது ஆளுநருக்கும் ஊருக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளர். எடுத்துக்கொண்ட சம்பவம் 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நான் எழுதிவரும் நாவலில் இது ஒரே ஓர் அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் சேர்ந்து கொடுக்காத வேலையை இது ஒன்றே கொடுத்திருக்கிறது.

பின்னணி

பிள்ளை 1709இல் பிறந்தவர். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761 ஜனவரி வரை எழுதினார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதத்தில் அவரும் இறந்தார். கப்பல் வந்தது, துணிக்கு விலை ஏறியது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், ஆளுநர் எந்த முகத்தோடு பேசினார், சோதிடர் என்ன சொன்னார் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டு. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டின் தமிழர் ஒருவரைப் பற்றி இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது.

அவர் குடும்பத்துக்குத் துபாஷிப் பதவி புதிதல்ல. அந்தப் பதவியால் வந்த அடியும் புதிதல்ல. அவருக்கு மாமன் முறையான நைனியப்ப பிள்ளை தலைமைத் துபாஷியாக இருந்தார். கிறிஸ்தவரல்லாத ஒருவர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று ஏசு சபைப் பாதிரிமார் மும்முரமாக முயன்றார்கள். கைது, சவுக்கடி, சொத்துப் பறிமுதல் என்று போய், 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குப் போய்க் கிறிஸ்தவராகி, செயின்ட் மைக்கேல் வரிசை என்ற பிரெஞ்சு வீரப் பட்டத்தோடு திரும்பிவந்து அதே பதவியில் அமர்ந்தார். பின்னாளில் அந்த இடத்துக்கு வந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். 1746இல் அவர் இறந்தபோது, அடுத்தவரும் கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்ற முயற்சி மறுபடி நடந்தது. அதைத் தாண்டித்தான் 1747இல் ஆனந்தரங்கர் தலைமைத் துபாஷியானார். ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி மதாம் துய்ப்ளே அந்தப் போட்டியில் எதிரணியில் நின்றார்.

இந்தக் குடும்பக் கதையை நாவலின் முதல் அத்தியாயத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. மாமன் சிறையில் செத்தபோது ஆனந்தரங்கர் எட்டு வயதுப் பையன். அந்தப் பயம் ஒவ்வொரு காட்சியிலும் அவர் கூடவே வரும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்குறிப்பு சொல்வது

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அதற்குப் பதிலடியாக ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் 1748 ஆகஸ்டில் புதுச்சேரி அருகே படையிறக்கி, அரியாங்குப்பத்தைத் தாக்கினார். அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். ஊர் குண்டுக்குப் பயந்து கிடந்த இந்த இடைவெளியில்தான் கோயில் இடிக்கப்பட்டது.

ஈசுவரன் கோயிலும் ஏசு சபையாரின் தேவாலயமான சம்பாக் கோயிலும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரு பக்கம் மேளம், மறுபக்கம் மணி என்று அரை நூற்றாண்டாகத் தகராறு. கோயிலுக்குள் மலச்சட்டி வீசப்பட்ட செய்தி 1746ஆம் ஆண்டுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. அமைதிக் காலத்தில் கோயிலில் கைவைத்தால் நெசவாளர்களும் வணிகர்களும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம் முந்தைய ஆளுநர்களைத் தடுத்தது. யுத்தம் அந்த அச்சத்தை எடுத்துவிட்டது. வெளியே எதிரி நிற்கும்போது யார் எங்கே போக முடியும்?

இடிப்பு நாளைப் பிள்ளை எழுதியிருக்கும் விதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். காரைக்கால் கேர்து பாதிரியார் பெரிய சம்மட்டியோடு வந்தார், லிங்கத்தைக் காலால் உதைத்தார், சம்மட்டியால் உடைத்தார். மற்ற உருவங்களை உடைக்கும்படி காப்பிரிகளுக்கும் (ஆப்பிரிக்க வீரர்களுக்கும்) வெள்ளைக்காரர்களுக்கும் சொன்னார். மதாம் வந்து, இஷ்டம்போல் உடைத்துக்கொள்ளலாம் என்றார். ஐம்பது வருஷமாக ஆகாத காரியம் உங்களால் ஆயிற்று, ஆதியில் இந்த மதத்தை நிலைநாட்டிய மகாத்மாக்களில் ஒருவராகத்தான் நீங்கள் இருக்க வேண்டும், உங்கள் கீர்த்தியை உலகமெல்லாம் பரப்புவேன் என்று பாதிரியார் அவரைப் புகழ்ந்தார். பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் அவர்கள் இருவர் முன்னாலும் லிங்கத்தைச் செருப்புக் காலால் பல முறை உதைத்தார். தன்னையும் மகாத்மா என்று நினைப்பார்கள் என்ற ஆசையில் அப்படிச் செய்தாராம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். உதைத்தது ஊர் அறிந்த செயல். எந்த ஆசையில் உதைத்தார் என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே ஒரு நாவலாசிரியராகிவிட்டார், அதுவும் கோபம்கொண்ட நாவலாசிரியர். பாதிரியாரின் புகழுரையும் அப்படியே பேசப்பட்டதா, அல்லது வந்து சொன்னவர் கொஞ்சம் சேர்த்து, எழுதியவர் கொஞ்சம் சேர்த்து உருவானதா? கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிள்ளை எல்லா இடத்திலும் பிரித்துச் சொல்வதில்லை. அந்தப் பத்தி கேலியில் ஊறியது. அத்தனை அருமையாக எழுதப்பட்டிருப்பதே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது.

இதனால் நான் எடுத்த முடிவு இது: நாட்குறிப்பை நாவலின் கதைசொல்லியாக நடத்தக் கூடாது, நாவலுக்குள் ஒரு பாத்திரம் பேசும் பேச்சாக நடத்த வேண்டும். சொல்வதற்கு எளிது. நடைமுறையில் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையின் குரல் என் குரலை விழுங்கப் பார்க்கும். அவர் என்னைவிட நன்றாக எழுதுகிறார், என்ன செய்ய!

மதாம்

நாட்குறிப்பை மட்டும் படித்தால் ழான் துய்ப்ளே ஒரு பேராசைக்காரி, சூழ்ச்சிக்காரி, கணவனை ஆட்டிவைப்பவள். தமிழில் இந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சித்திரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். வாழ்ந்த மனிதரைப் பற்றி எழுதும்போது இதுதான் பெரிய கண்ணி. ஒருவரின் பகையை நாம் கூலியில்லாமல் சுமக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ழான் 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தாய் வழியில் போர்த்துகீசிய, இந்திய ரத்தம் உண்டு. தமிழ் பேசுவார். சிறுமியாக இருந்தபோதே வேன்சான் என்பவரை மணந்து, பல குழந்தைகளைப் பெற்று, விதவையாகி, 1741இல் துய்ப்ளேயை மணந்தார். முற்றுகைக் காலத்தில் ஒற்றர்களை வைத்துச் செய்தி சேகரித்தார். அதற்கு அவருடைய தமிழ் உதவியது. 1754இல் கணவரோடு பிரான்சுக்குப் போய், 1756இல் பாரீசில் இறந்தார்.

இப்போது துபாஷியின் இடத்திலிருந்து பாருங்கள். துபாஷியின் அதிகாரம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: ஆளுநருக்கும் ஊருக்கும் நடுவே மொழி தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மனைவிக்குத் தமிழ் தெரிந்துவிட்டால், நேரே ஆட்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டால், துபாஷிக்கு என்ன மதிப்பு? மதாம் மீது பிள்ளைக்கு இருந்த கசப்பில் மதம் பாதி இருக்கலாம், பிழைப்பு பாதி இருக்கலாம். இந்தக் கோணம் தெரிந்ததும் இருவருக்கும் இடையிலான காட்சிகள் தாமாகவே எழுந்து நின்றன. நிஜ மனிதரை எழுதுவதில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சிகளில் இது ஒன்று. நான் எதையும் புனையவில்லை, இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அதற்காக ழானை நல்லவராக்கிவிட முடியாது. கோயில் இடிப்பில் அவருக்குப் பங்கு இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தவறாகச் சித்திரிக்கப்பட்ட பெண்ணை மீட்கிறேன் பேர்வழி என்று சிலர் எதிர்த்திசையில் ஓடுவதைப் பார்க்கிறேன். அது இன்னொரு விதமான ஏமாற்று.

கேர்து பாதிரியார்

இவரைக் கற்பனையில் உருவாக்கியிருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருப்பார், நம்பும்படி இல்லை என்று.

காஸ்தோன் லோரான் கேர்து 1691இல் பிறந்தவர். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையை, ஞானஸ்நானம் பெற்ற கைவினைஞர்களிடம் கேட்டறிந்து, 1742இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். எந்த நீரில் எவ்வளவு நேரம் துணி ஊற வேண்டும் என்பதுவரை பொறுமையாகக் கவனித்து எழுதிய கடிதம் அது. தெலுங்கு கற்றார், சமஸ்கிருதம் கற்றார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் பொது மூலம் இருக்க வேண்டும் என்று 1767இல் பாரீசிலுள்ள அகாதெமிக்கு எழுதினார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதே கருத்தைச் சொல்லிப் புகழ்பெற்றது 1786இல். கேர்துவின் கட்டுரை அச்சேறியது 1808இல், அவர் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

சம்மட்டியும் இவர் கையில்தான் இருந்தது.

இந்த இரண்டு மனிதர்களையும் ஒரே உடம்புக்குள் எப்படி வைப்பது? வாசகருக்கு விளக்கம் கொடுக்கத் துடிக்கும் கை. "அறிவு வேறு, அன்பு வேறு" என்று யாரையாவது சொல்ல வைக்கலாம். சாகும் தறுவாயில் அவரை வருந்த வைக்கலாம். 1779வரை வாழ்ந்தவர், அதற்குக் காலமும் இருந்தது. ஆனால் அவர் வருந்தினார் என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. செத்துப்போன மனிதருக்கு இல்லாத மனசாட்சியைக் கொடுப்பதும், இருந்த மனசாட்சியைப் பறிப்பதைப் போன்ற அத்துமீறல்தான். என் வரைவில் அவர் ஒரு காட்சியில் சாயத் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், பல அத்தியாயங்கள் கழித்துச் சம்மட்டியோடு வருகிறார். நடுவில் நான் எதுவும் சொல்லவில்லை. படித்த நண்பர் ஒருவர் "இவர் ஏன் இப்படிச் செய்தார் என்று ஓரிடத்திலாவது சொல்லுங்களேன்" என்று கேட்டார். சொல்லப் போவதில்லை.

பிள்ளையின் துக்கம்

அத்தியாயத்தின் மையம் இதுதான், இங்கேதான் நாட்குறிப்பு அதிகம் பேசிக் குறைவாகச் சொல்கிறது. திருவேங்கடம், ரங்கன் என்று பெயர் வைக்கும் வைணவக் குடும்பம் அவருடையது. இடிந்தது சிவன் கோயில். அவர் துக்கப்பட்டார், கொதித்தார், எழுத்தில் தெரிகிறது. அது பக்தனின் துக்கமா? ஊர்த் தமிழருக்குத் தலைவர் என்ற ஸ்தானத்தில் இருந்துகொண்டு, தன் கண்முன்னே அவர்களுடைய கோயில் போவதைத் தடுக்க முடியாத அதிகாரியின் அவமானமா? நைனியப்பரை அழித்த அதே பாதிரிமாரிடம் மறுபடியும் தோற்ற குடும்பத்தின் ஆத்திரமா?

மூன்றும்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். நாவலில் அது போதாது, ஒரு குறிப்பிட்ட மாலையில் ஒரு குறிப்பிட்ட மனிதர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ஏதோ ஒன்றுதான் முதலில் வரும். நான் அவமானத்தை முதலில் வைத்தேன். காரணம், அதற்குப் பிறகும் அவர் ஆளுநரைப் பார்க்கப் போனார், வேலையைத் தொடர்ந்தார், 1756வரை அந்தப் பதவியில் இருந்தார். நாட்குறிப்பும் முற்றுகைச் செய்திகளோடு நகர்ந்துவிடுகிறது. பக்தியை முதலில் வைத்திருந்தால் ஏன் ராஜினாமா செய்யவில்லை என்று வாசகர் கேட்பார். அவமானத்தை விழுங்கி மறுநாள் வேலைக்குப் போகிறவரை எல்லோருக்கும் தெரியும்.

இது என் ஊகம். அவருடைய வீதியும் வீடும் புதுச்சேரியில் இன்றும் இருக்கின்றன, அவரைத் தம்மவராகக் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிள்ளை பிடிக்காமல் போகலாம். சட்டம்கூட இதைக் கவனித்திருக்கிறது. இறந்தவர் மீது சுமத்தும் பழியும், அவர் உயிரோடு இருந்தால் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாகவும் இருந்தால், அவதூறாகலாம் என்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு விளக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. இருநூற்றெழுபது ஆண்டு தள்ளியிருப்பதால் வழக்குப் பயம் எனக்கு இல்லை. மூன்று தலைமுறைக்குள் இருப்பவர்களை எழுதுகிறவர்கள் அதைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பயம் உண்டு. கோயில் இடிப்பை எழுதினால், எழுதி முடிக்கும் முன்பே அதைத் தூக்கிக்கொண்டு ஓட இன்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தரப்பு சம்மட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும், மறு தரப்பு சாயத் தொட்டியை மட்டும். அதற்குப் பயந்து சம்பவத்தை மழுப்பினால் பிறகு எதற்கு எழுதுவது?

தேதிகளும் பிரதிகளும்

பிள்ளை விபவ வருஷம், மாதம், கிழமை என்று தமிழ்க் கணக்கில் எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டி. எதிரே நிற்கும் ஆங்கிலேயர்கள் 1752வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், 11 நாள் பின்னால். ஒரே குண்டுவீச்சு மூன்று ஆவணங்களில் மூன்று தேதியில் விழும். ஆங்கிலக் கடற்படைப் பதிவை அப்படியே எடுத்து நாட்குறிப்போடு சேர்த்தால், இறந்த தளபதி மறுவாரம் கட்டளையிடுவார். நான் சுவரில் மூன்று பத்தியாக ஒரு அட்டவணை ஒட்டி வைத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நாவலை எழுதுவதைவிட அதை நிரப்புவது சுகமாக இருக்கிறது.

கையில் இருக்கும் பாடமும் நேரே பிள்ளை கையிலிருந்து வந்ததல்ல. நாட்குறிப்பை 1846இல் கலுவா மொம்ப்ரேன் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி எடுத்த படி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. பிரைசும் ரங்காச்சாரியும் தொடங்க, டாட்வெல் முடித்தார். செலவு செய்தது சென்னை அரசாங்கம். பிள்ளையின் ஊரைக் குண்டுவீசித் தகர்த்தவர்களின் வாரிசு அரசாங்கம்! பிள்ளை இதைக் கேட்டிருந்தால், தன் ஜாதகத்தில் அப்போதே இருந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

யாருடைய கண்

கடைசியில் அந்தக் காட்சியை யார் பார்ப்பது என்ற கேள்வி. பிள்ளை வழியாகச் சொன்னால் நாட்குறிப்பையே திரும்ப எழுதுவதாகும். மதாம் வழியாக எழுதிப் பார்த்தேன், அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாதாடாமல் ஒரு பத்திகூட நகரவில்லை. பாதிரியாரின் மனத்துக்குள் போவதில்லை என்று ஏற்கெனவே முடிவு.

காப்பிரிகள் என்று அக்காலத்தவர் அழைத்த ஆப்பிரிக்க வீரர்கள் மிச்சம். உருவங்களை உடைக்கும்படி உத்தரவு கிடைத்தது அவர்களுக்கும்தான். நாட்குறிப்பில் அவர்கள் ஒரு சொல், அதற்குமேல் இல்லை. எங்கிருந்து பிடித்துவரப்பட்டார்கள், எந்தத் தெய்வத்தை விட்டுவிட்டு வந்தார்கள், சம்மட்டி எடுக்கச் சொன்னபோது என்ன நினைத்தார்கள் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற கும்பலைப் பற்றி 1743இல் பிள்ளையே எழுதியிருக்கிறார். மனிதர்கள் சரக்காவது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் கோயிலில் நின்ற அந்த வீரர்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே அத்தியாயம் இப்போது அப்படி ஒரு வீரரின் கண்ணில் இருக்கிறது. அவர் முழுக்கக் கற்பனை. அவரைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் வாழ்ந்தவர்கள், அவர்கள் அன்று செய்ததாகப் பதிவாகியிருப்பதில் எதையும் நான் மாற்றவில்லை. அவருக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் கொஞ்சம்தான். பாதிரியார் மதாமைப் புகழ்வது அவர் காதில் விழுகிறது, என்ன சொன்னார் என்பது புரியவில்லை. மகாத்மா வசனத்தின் உண்மைத்தன்மை பற்றிய என் தலைவலி இதனால் தீர்ந்தது. அதே வசனத்தை அன்றிரவு பிள்ளை தன் குறிப்பில் எழுதும்போது வாசகர் முதல்முறையாகக் கேட்கிறார், நம்புவதும் நம்பாததும் அவர் பாடு.

இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. ஆவணத்தில் குரல் இல்லாதவரைக் கருவியாக வைத்து என் தொழில்நுட்பச் சிக்கலை நான் தீர்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. அதனால் அவரை அந்த ஒரு காட்சியோடு விட்டுவிடாமல், முற்றுகை முடியும்வரை கூட்டிப்போகிறேன். அவருக்குப் பெயர் வைப்பதுதான் இன்னும் பாக்கி. மொசாம்பிக் கரையிலிருந்து வந்தவர்களா, மடகாஸ்கரிலிருந்து வந்தவர்களா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். கப்பலில் ஏற்றியவர்கள் வைத்த கிறிஸ்தவப் பெயரும் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். நாவலின் பின்னிணைப்பில், யார் வாழ்ந்தவர், யார் கற்பனை, எந்தப் பேச்சு நாட்குறிப்பிலிருந்து வந்தது என்ற விவரம் இரண்டு பக்கம் வரும். அதை முன்னால் போடலாமே என்று கேட்கிறார்கள், பின்னால்தான் போடுகிறேன்.